பச்சை உடம்பும் புதைத்த அண்டாவும்

பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்வது என்பது பெரும்பாலும் தண்ணீர் சுமப்பதுதான். மருந்து, பத்தியம், சாம்பிராணிப் புகை, வயிற்றுக்கட்டு என்று எத்தனை சொன்னாலும், என் தோளுக்கும் இடுப்புக்கும் நினைவிருப்பது தண்ணீர் ஒன்றே. யுத்தத்துக்கு அஞ்சிப் பட்டணம் காலியான அந்தக் கோடையில், இராயபுரத்தில் துறைமுக மதிலுக்கு எதிர்ச்சாரியில் இருந்த எங்கள் லைன் வீட்டில், தெருக்குழாயிலிருந்து பின்கட்டு அடுப்புக்கும் அடுப்பிலிருந்து குளியல் மறைப்புக்கும் நான் நடந்த நடையைத் திருவொற்றியூர்ப் பிராகாரத்தில் நடந்திருந்தால், ஏதேனும் ஒரு வேண்டுதலாவது நிறைவேறியிருக்கும்.

அப்போது நான் என் தம்பியின் வீட்டில் இருந்தேன். கணவரை இழந்து வந்தவள். தம்பிக்குத் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் வேலை. அவன் மனைவிக்கு அது தலைப்பிரசவம். அவளுடைய தாய்வீடு காவிரிக்கரையில் ஒரு சிற்றூர். மகளை அழைத்துப் போக அவள் தாயார் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதே குழந்தை முந்திக்கொண்டது. பெண் குழந்தை. பட்டணத்திலிருந்து போகும் ரயில்களில் நிற்க இடமில்லாத காலம் அது. பட்டணத்துக்கு வரும் ரயிலில் ஏறத்தான் எவருக்கும் மனமில்லை. தாயார் புறப்பட எண்ணியும் வீட்டு ஆண்கள் விடவில்லை. ஆகவே தாய் செய்ய வேண்டியவை எல்லாம் என் கைக்கு வந்து சேர்ந்தன.

முறை எனக்குத் தெரிந்ததுதான். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சதகுப்பை இவற்றை இடித்துச் சலித்துப் பனைவெல்லப் பாகில் நல்லெண்ணெய் விட்டுக் கிளறிய லேகியத்தைப் பேறுகாலத்துக்கு முன்பே செய்து ஜாடியில் அடைத்து வைத்திருந்தேன். பதம் பார்க்க எனக்குக் கடிகாரம் வேண்டியதில்லை. ஒரு பதிகத்தை நிதானமாகப் பாடி முடித்தால் பாகு முறுகும். மறு பதிகம் பாதியாகும்போது எண்ணெய் பிரியும். நெடுங்காலமாக என் சமையல் முழுவதும் அப்படித்தான் நடந்துவந்தது. குழந்தை பிறந்த பிறகு அதுவும் இல்லாமற்போயிற்று. தீட்டு வீட்டில் விளக்கேற்றக் கூடாது, வாய்விட்டுப் பாடக் கூடாது. மனத்துக்குள் பாடிப் பார்த்தேன். அடி நடுவில் உறங்கிவிட்டேன். பால் பொங்கி வழிந்தது.

வெந்நீரில்தான் எல்லாம் இருக்கிறது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நொச்சியும் வேப்பிலையும் புளியிலையும் போட்டு ஒரு பெரிய அண்டா நிறையக் கொதிக்க வைத்து, பெற்றவளை மணையில் உட்கார்த்தி, இடுப்பிலும் முதுகிலும் ஓங்கி ஊற்ற வேண்டும். செம்பிலிருந்து விழும் நீர் தட்டியெழுப்புவது போல விழ வேண்டும். பிறகு துவட்டி, தலைக்குப் புகை காட்டி, நீண்ட துணியால் வயிற்றை இறுக்கிக் கட்டி, நெல்லிக்காயளவு மருந்து கொடுத்து, மிளகுக்குழம்பும் சுட்ட அப்பளமும் போட்டுச் சோறிட்டுப் படுக்க வைக்க வேண்டும். குளிர்ந்த காற்று படக் கூடாது, காதில் பஞ்சு. இத்தனையும் ஒரே காரணத்துக்காக. ஜன்னி. அந்த மாசியில்தான் அடுத்த சந்தில் ஒரு பெண் பிள்ளை பெற்றுப் படுத்தவள், காய்ச்சல் கண்டு, பிதற்றி, மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள். அவளுடைய அழகான நீண்ட கூந்தலை நான் பலமுறை குழாயடியில் பார்த்திருக்கிறேன். அந்த நினைவு எனக்கு ஒரு நாளும் அடுப்பை அணைய விடவில்லை.

ஆற்றில் வெள்ளம் வந்து தாய் வர முடியாமற்போன பெண் ஒருத்திக்கு, இறைவனே தாயின் உருக்கொண்டு வந்து பேறு பார்த்தான் என்று தலக்கதை உண்டு. சிறு வயதிலிருந்து அதைக் கேட்டு உருகியவள் நான். அந்தக் கோடையில் மட்டும் வேறொன்று தோன்றியது. வெள்ளம் வடியும்வரை அவன் தங்கினான் என்கிறார்களே, அத்தனை நாளும் தீட்டுத்துணியை யார் துவைத்தார்கள்? சுக்கை யார் இடித்தார்கள்? கேட்கக் கூடாத கேள்வி என்று உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆயினும் கேள்வி போகவில்லை. அவன் செய்திருப்பான். செய்திருந்தால் அவன் இடுப்பும் வலித்திருக்கும்.

குழந்தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். ஜப்பான்காரன் கப்பல் கடலில் தெரிகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. துறைமுகத்தின் மேல்தான் முதல் குண்டு விழும் என்றார்கள். எங்கள் வரிசையில் ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தது. மருத்துவச்சி, தன் மகன் குடும்பத்தோடு செங்கல்பட்டுப் பக்கம் போவதற்கு முன் வந்து, தொப்புள் காய்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

"ஒடம்ப பத்தரமா பாத்துக்கம்மா. காத்து போவாத எடத்துல படு," என்று பெற்றவளிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "நீ இன்னாத்துக்கு இப்டி எளச்சிகினு வரே? புள்ள பெத்தது அவளா நீயா?" என்று சிரித்தாள். அப்போது எனக்குச் சிரிக்கவும் தெம்பு இருந்தது.

மறுநாள் காலை தம்பி ஒரு மாட்டுவண்டியோடு வந்து வாசலில் நின்றான்.

"அக்கா, திருவள்ளூர் வரைக்கும் போற வண்டி. நீயும் அவளும் குழந்தையும் ஏறிக்குங்க. எனக்கு லீவு கிடையாது. சீக்கிரம் கிளம்பலேன்னா அவன் வேற குடும்பத்தை ஏத்திக்கிட்டுப் போயிடுவான்."

"பச்சை உடம்புடா. வண்டி குலுக்கலுக்குத் தாங்குமா?"

"குண்டு விழுந்தா மட்டும் தாங்குமா?"

"குண்டு விழுந்தாலும் விழும், விழாட்டியும் போகும். வண்டி குலுங்கறது நிச்சயம். வழியிலே வெந்நீர் யார் வைப்பா? வெயில்லே ஜுரம் கண்டா எந்த ஊர்லே இறக்குவே?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் இருட்டு மூலையில் குழந்தையை அணைத்தபடி, "அக்கா சொல்றபடி," என்றாள். அவன் வண்டிக்காரனைப் போகச் சொல்லிவிட்டு, என்னோடு ஒரு வார்த்தையும் பேசாமல் வேலைக்குப் போனான். போனவனைத் துறைமுகத்திலேயே நிறுத்திக்கொண்டார்கள். ஆள் போதவில்லையாம், இருப்பவர்கள் அங்கேயே உண்டு உறங்கிச் சரக்கை ஏற்றி இறக்க வேண்டுமாம். இந்தச் சேதியைக் கொண்டுவந்தவள், எங்கள் பின்கட்டுச் சுவரை ஒட்டியிருந்த வீட்டு முஸ்லிம் பெண். அவள் கணவரும் அங்கே சரக்கு தூக்கும் விஞ்சு இழுக்கும் தொழிலாளி. அந்தச் சாரியில் போகாமல் எஞ்சியிருந்தவர்கள் அவளும் நாங்களும்தாம்.

அன்று குளிப்பாட்டத் தண்ணீர் வைக்கப் போனபோது அண்டாவைக் காணவில்லை. செம்புத் தவலை இல்லை. சமையலறை மாடத்தில் இருந்த லேகிய ஜாடியும் இல்லை. திருடன் என்று முதலில் பதறினேன். மாடத்தில் ஈரமண் படிந்த விரலடையாளத்தைக் கண்ட பிறகுதான் புரிந்தது. ஊரார் செய்ததைப் பார்த்து, நாங்கள் வண்டியேறிவிடுவோம் என்ற எண்ணத்தில், முந்திய நாள் நான் குழாயடியில் வரிசையில் நின்ற நேரத்தில் தம்பி எல்லாவற்றையும் எங்கோ புதைத்து வைத்திருக்கிறான். கோபத்தில் சொல்லாமலும் போய்விட்டான்.

மிஞ்சியவை சோற்றுப்பானையும் ஒரு சிறு மண்சட்டியும். அவற்றில் மாற்றி மாற்றிச் சுட வைத்தேன். ஒன்று கொதிப்பதற்குள் மற்றது ஆறிவிடும். துறைமுகத்து உடைந்த பெட்டிப் பலகைகள்தாம் விறகு. படபடவென்று எரிந்து சாம்பலாகிவிடும். ஊற்றுவதற்குப் பதில் துணியை நனைத்து ஒற்றினேன். மருந்துக்கு வெறும் சுக்கும் மிளகும் தட்டிப் போட்ட கஷாயம். நாட்டு மருந்துக் கடையில் பூட்டுத் தொங்கியது. தம்பி வந்து எடுத்துத் தருவான் என்று காத்தே இரண்டு மூன்று நாள் ஓடின. நான் எப்போது உட்கார்ந்தேன், எப்போது உண்டேன் என்பதெல்லாம் நினைவில் இல்லை.

பிறகு அவளுக்குக் குளிர் கண்டது. பட்டப்பகலில், ஓடு காயும் வெயிலில், பற்கள் கிட்டின. தொட்டால் உடம்பு அடுப்புக்கல்லாய்ச் சுட்டது. மார்பு இரண்டும் கட்டிக் கல்லாக இறுகியிருந்தன. குழந்தை வாய் வைத்தால் அலறினாள். வாய் வைத்த குழந்தைக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதன் அழுகை நேரமாக ஆக மெலிந்து, கடைசியில் பூனைக்குட்டிச் சத்தமாயிற்று.

"அக்கா," என்றாள் அவள், "அந்தச் சந்துப் பொண்ணுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?"

"பேசாமப் படு," என்றேன். பின்கட்டுக்கு வந்து நின்றேன். அவள் தலைமாட்டில் காத்து கருப்பு அண்டாமல் இருக்க வைத்திருந்த அரிவாள் என் கையில் இருந்தது. அதை அங்கிருந்து எடுக்கக் கூடாது. வீட்டில் தோண்டுவதற்கு வேறு இரும்பும் இல்லை.

லைனுக்கே பொதுவான பின்கட்டு முழுவதும் கல் பாவியது. குளியல் மறைப்புச் சாய்க்கடை ஓரத்தில் முருங்கை நின்ற ஒரு துண்டு இடம்தான் மண். நான் குனிந்து குத்தத் தொடங்கியதும் சுவருக்கு மேல் பின்வீட்டுப் பெண்ணின் தலை தெரிந்தது.

"இன்னாக்கா, நீயும் பொதைக்கிறியா? லேட்டு பண்ட்டியே. எடம் காலி இல்ல."

"புதைக்கலம்மா, எடுக்கறேன். தம்பி எங்க அண்டாவை இங்கதான் எங்கேயோ வெச்சிருக்கான். உள்ளே அவளுக்கு ஜுரம் அனலா அடிக்குது."

அவள் சிரிப்பு நின்றது. சுவரைச் சுற்றி ஓடிவந்தாள். "எங்கேயோன்னா எங்கன்னு தோண்டுவ? இந்த லைன்ல கீற அல்லாரும் இங்கதான் பொதச்சிட்டு போயிக்கிறாங்க. நான் ஜன்னலாண்ட குந்திகினு பாத்துகினே இருந்தேன். ஒருத்தரு போனதும் ஒருத்தரு. ஒருத்தருக்கு ஒருத்தரு தெரியாதாம்! மண்ணுக்கே சிரிப்பு வந்துருக்கும், போ."

"எங்க தம்பி எந்தப் பக்கம்?"

"செவுத்தாண்ட குனிஞ்ச மாதிரி கீது. அப்பால அங்கயே முதல் வூட்டு ஐயாவும் தோண்டுனாரு. நீ கொஞ்சம் நவுரு, நான் குத்தறேன்."

முதலில் வந்தது பழம்புடவையில் சுற்றிய குத்துவிளக்கு இரண்டு. முதல் வீட்டு அம்மாளுடையவை. வெள்ளிக்கிழமைதோறும் நான் கும்பிட்ட விளக்குகள். அடுத்தது ஒரு தவலை. மூடியைக் கட்டியிருந்த துணி நைந்து உள்ளே தெரிந்தது. புளி.

"அய்ய, ஜப்பான்காரன் இன்னா, புளிக்கொயம்பு வெக்கவா வரான்?" என்றாள் அவள். அதன் அடியில் கோணியில் பொதிந்த தையல் மிஷின் தலை. அதை எடுக்க இருவரும் சேர்ந்து இழுத்தோம். பிறகு யாருடையவோ பித்தளைக் குடங்கள், ஒன்றுக்குள் ஒன்று. என் வாழ்நாளில் பிறர் வீட்டுக் கரண்டியைக்கூடக் கேளாமல் தொட்டவள் அல்லேன். ஊராரின் பொருள்கள் ஒவ்வொன்றாக என் காலடியில் குவிந்தபோது, அஞ்செழுத்தை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டேன். தீட்டு என்பதையும் மறந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அரிவாள் எதிலோ பட்டு ஒலித்தது. எங்கள் அண்டாவின் ஒலி எனக்குத் தெரியும். விளிம்பில் ஒரு நெளிவு உண்டு, அந்த இடத்தில் தட்டினால் சற்றே கம்மும். கவிழ்த்துப் புதைத்திருந்தான். அடியில், செம்புத் தவலைக்குள், சீலைத்துணி கட்டிய லேகிய ஜாடி பத்திரமாக நின்றது.

நாங்கள் அண்டாவைக் கழுவி அடுப்பேற்றினோம். பின்வீட்டுப் பெண் ரயில் பாதையோரம் ஓடி நொச்சி ஒடித்துக்கொண்டு வந்தாள். எங்கள் உறவினர் தீட்டு என்று விலகி நிற்கும் நாள்களில் விலகாதவள் அவள். பிள்ளை பெற்றவளைத் தோளோடு தழுவி மணையில் உட்கார்த்திப் பிடித்துக்கொண்டாள். நான் ஊற்றினேன். முதுகு, இடுப்பு, தொடை. பிறகு சுடுதுணியை மார்பில் ஒற்றி, எடுத்து, பிழிந்து, மறுபடி ஒற்றி. "அயாத கண்ணு, இதோ, இதோ வுட்டுடும்," என்று பின்வீட்டுப் பெண் சொல்லிக்கொண்டே மார்பை மேலிருந்து கீழாக நீவினாள். பெற்றவள் கத்தினாள். எங்களை என்னென்னவோ சொல்லித் திட்டினாள். அதுவரை என்னை எதிர்த்து ஒரு சொல் பேசாதவள். திட்டத் திட்ட எனக்குத் தெம்பு வந்தது. பிதற்றவில்லை, திட்டுகிறாள்.

கட்டு உடைந்தது. பால் முதலில் துளியாய், பிறகு கம்பியாய் வந்து வெந்நீரோடு கலந்து, சாய்க்கடையில் வெள்ளைக் கோடாக ஓடிற்று. குழந்தையைக் கொண்டுவந்து வைத்தோம். அது திக்குமுக்காடிக் குடித்தது, இருமியது, மறுபடி பற்றிக்கொண்டது. புகை காட்டி, வயிற்றைக் கட்டி, லேகியம் கொடுத்துப் போர்த்திப் படுக்க வைத்தோம். மாலைக்குள் அவளுக்கு வேர்த்துப் பாய் நனைந்தது. மறுநாள் காலை கண் விழித்து, "பசிக்குது," என்றாள்.

காய்ச்சல் மருந்தால் இறங்கியதா, வெந்நீரால் இறங்கியதா, பால் கட்டு விட்டதால் இறங்கியதா, அவளுடைய இளமையால் இறங்கியதா என்று எனக்கு இன்றும் தெரியாது. இறைவன் அருள் என்று சொல்லலாம்; சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அந்தக் காலையில் நான் எதையும் சொல்லவில்லை. சோறு வடித்தேன். பிறகு பின்கட்டில் குவிந்து கிடந்த ஊராரின் பொருள்களைப் பார்த்தேன். எது எந்தக் குழியிலிருந்து வந்தது என்பது நினைவில் இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாக உள்ளே தள்ளி மண்ணைப் போட்டேன். கை அவ்வளவுதான் கேட்டது.

தம்பி வந்தபோது தாடி வளர்ந்திருந்தது. நேரே உள்ளே போய் மனைவியையும் குழந்தையையும் பார்த்துவிட்டு, அடுப்பின்மேல் அண்டாவைப் பார்த்து விழித்தான்.

"அண்டா சரி," என்றேன், "மருந்தை ஏண்டா புதைச்சே?"

அவன் தலையைச் சொறிந்தான். "வீட்டிலே ஒசத்தியான சாமானையெல்லாம் வெச்சேன் அக்கா. அந்த ஜாடியை நீ கிளறின கிளறலையும், யாரையும் தொடவிடாம வெச்சிருந்ததையும் பாத்தா, அதுதான் எல்லாத்திலேயும் ஒசத்தின்னு தோணிச்சு."

திட்ட வேண்டும் என்றுதான் வாய் திறந்தேன். தட்டை எடுத்து அவனுக்குச் சோறு போட்டேன்.

குண்டு விழவில்லை. பூட்டுகள் திறந்தன. தீட்டு நாள்கள் கழிந்து நான் விளக்கேற்றிய சில தினங்களில் எங்கள் வரிசையார் ஒவ்வொருவராகத் திரும்பினர். ஒரு முற்பகல், முருங்கையடியில் பெரிய கூச்சல். முதல் வீட்டு அம்மாளின் விளக்குத்தண்டில் புளி ஒட்டிப் பித்தளை திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. புளிக்காரி தன் தவலைக்குள் மண் விழுந்ததைக் காட்டினாள். தையல் மிஷின் தலைகீழாகக் கிடந்தது. யார் தோண்டினார்கள் என்று கேட்டபோது நான்தான் என்றேன்.

"ஆளில்லாதப்ப ஊரார் சாமானைத் தோண்டிப் பாக்கறதாம். நெத்தி நிறைய விபூதி வேற, வாய் நிறையப் பதிகம் வேற!" என்றாள் முதல் வீட்டு அம்மாள்.

"குடம் எத்தினி வெச்சோம்னு எண்ணிப் பாருங்கடி மொதல்ல," என்றாள் இன்னொருத்தி.

விடை இருந்தது. அதைச் சொல்ல ஒரு மூச்சு வேண்டும். அந்த மூச்சு என்னிடம் இல்லை. அந்த மாதங்களின் களைப்பெல்லாம் அப்போதுதான் என்னைக் கண்டுபிடித்தது போல, சுவரில் கை ஊன்றி நின்றேன்.

அவர்கள் பார்வை என்னைத் தாண்டிப் போயிற்று. உள்ளிருந்து தம்பி மனைவி வந்திருந்தாள். தலையைச் சுற்றித் துணி, காதில் பஞ்சு, தோளில் குழந்தை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கால் தள்ளாமல் நடந்து வந்து குழியருகே நின்றாள்.

"மாமி, விளக்கு உங்களுது, எடுத்துக்குங்க. சாம்பல் போட்டுத் தேய்ச்சா வந்துடும். நான் தேய்ச்சுத் தரேன். எனக்கு ஜுரம் கண்டுடுச்சு, வெந்நீர் வைக்க அண்டா இல்லே. அதுக்குத்தான் தோண்டினாங்க. குடம் குறைஞ்சா என்னைக் கேளுங்க."

முதல் வீட்டு அம்மாள் விளக்கைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏண்டி, பச்சை உடம்போட வெயில்லே வந்து நிக்கறியே, உனக்குப் புத்தி இருக்கா? இவளை யார் வெளியே விட்டது? இதுதான் நீங்க பார்த்துக்கற லட்சணமா?" என்றாள் என்னிடம். "குழந்தையைக் கொடு இப்படி. ஒக்காரு. காதுலே பஞ்சு சரியா வெச்சிருக்கா பாரு."

என்னைத் திட்டியபடியே எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். குழந்தை கை மாறிக்கொண்டே போயிற்று. புளிக்காரி அதன் கன்னத்தைத் தொட்டு, நல்ல கனம் என்றாள். நான் உள்ளே போய், அவள் இவ்வளவு நாளும் படுத்திருந்த பாயிலேயே படுத்தேன். வெளியே யாரோ, இன்றைக்குக் குளித்தாளா, அண்டாவை அடுப்பிலே ஏற்றுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது என் காதில் தெளிவாக விழுந்தது. நான் எழுந்திருக்கவில்லை.